முதலில் விளக்கை இறக்குங்கள்

1980 மார்ச் 9, ஞாயிறு

புதுக் கிணறு இன்றோடு இருபத்தெட்டு அடி. மூக்கன் சித்தப்பா மேலே ஏறி வந்தபோது கண்ணிமை வரைக்கும் செம்மண். ஈரம் தட்டுகிறதாம், ஊற்றுத்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. அதுவரை எங்கள் நாற்பது குடும்பத்துக்கும் வாய்க்கால் ஓரத்துக் குழித் தண்ணீர்தான். வடிகட்டுகிற துணி தேநீர்ச் சாயம் பிடித்துவிட்டது.

பாஸ்குவாலின் கடிதம் வந்திருக்கிறது. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களைக் கொளுத்தி எங்களை மலையிலிருந்து விரட்டிய பிறகு, புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினோமே, அப்போது கிணறு தோண்டிக் கொடுக்க வந்த ஸ்பானியர். பதினொரு மாதம் இருந்தும் ஊற்றுக் கிடைக்காமல், மலேரியாவோடு ஊர் திரும்பினார். ஆங்கிலம் அரைகுறை. தமிழில் தண்ணி, காணும், கவனம் — மூன்றே சொல். நான்தான் அவருக்கு வாய். மலையில் கொன்வென்ட் குசினியில் அம்மா சமையல் வேலை செய்த காலத்தில், தன் ஸ்பானிய பாஷை பேச ஆளில்லாமல் தவித்த சிஸ்டர் பிலார் எனக்கு எட்டு வருடம் அதைச் சொல்லித் தந்தார். வன்னிக் காட்டில் அது சோறு போடும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கிணற்றுக்குச் சுற்றுக் கட்டு, கப்பி, சீமெந்து எல்லாம் பாஸ்குவாலின் ஊரார் தருகிறார்களாம். கேட்பது ஒன்றுதான். அவர்கள் பக்கத்தில் முன்னொரு காலத்தில் கிணறு தோண்டிய துறவி ஒருவர், ஆன்மாவைச் சுத்தம் செய்வது எப்படி என்று தன் சீடர்களுக்கு எழுதிய வரியைக் கல்லில் வெட்டி அந்தக் கட்டுச் சுவரில் பதிக்க வேண்டும்.

நாதியே லிம்பியா எல் அல்மா தெஸ்தெ எல் ப்ரொகால். பாஹெ ப்ரிமேரோ லா லாம்பரா, இ லுவேகோ பாஹெ உஸ்தெத்.

கொழும்பு உதவி நிறுவனம் ஒரு துண்டுக் குறிப்பும் இணைத்திருக்கிறது. கல்லில் ஆங்கிலம் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் கிராமச் சங்கத் தலைவர் கையெழுத்து வைத்தால் மறுவாரம் சீமெந்து லொறி வரும். தலைவர் யார்? தில்லைநாதன் மாஸ்டர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து இருபத்தைந்து வருடம் முன்பே வந்தவர். எங்கள் சங்கக் காரியாலயமே அவர் வீட்டு வளவின் முன் அறைதான். நான் அங்கே டைப் அடிப்பவள்.

நான் மொழிபெயர்க்க வேண்டும், அவர் கையெழுத்து வைக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

மார்ச் 12

முடித்துவிட்டேன். 'கடவுளின் ஒளி நம் உள்ளத்தில் இறங்கி அதைத் தூய்மையாக்கட்டும்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. துறவியின் வரியில் வருகிற கிணற்றுக் கட்டு இடைஞ்சலாக இருந்தது, விட்டுவிட்டேன். சத்தம் போட்டு வாசித்தால் கலண்டர் படத்துக்குக் கீழே போடலாம் போல அழகாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ராக்காயி சித்திக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றோட்டம். குழித் தண்ணீர்தான், வேறென்ன. தள்ளாடி நடந்து போனவள், மாஸ்டர் வளவைக் கடக்கும்போது அவர்கள் கிணற்றில் ஒரு வாளி இழுத்து அங்கேயே நின்று குடித்திருக்கிறாள். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை. மாஸ்டரின் மனைவி இராசேஸ்வரி அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தாவாம், ஒன்றும் சொல்லவில்லையாம். 'நல்ல மனுசி' என்றாள் சித்தி.

மார்ச் 18

மாஸ்டர் வீட்டில் கிணறு இறைப்பு. மிஷின் வைத்து அடிவரை இறைத்துவிட்டு, சேறு அள்ளச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். வருடா வருடம் இறைக்கிறதுதானாம். காலையில் லாந்தரோடு போனவர் பின்னேரம் ஒரு சீப்பு இதரை வாழைப்பழமும் வாய் நிறைய வெற்றிலையுமாக வந்தார். அடியில் ஒரு பொட்டுச் சேறு விடாமல் தேங்காய்ப் பொச்சு நார் போட்டுத் தேய்த்தாராம். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறுதாம். சித்திக்கு ஒரு பழம் உரித்துக் கொடுத்தார். வயிறு சரியில்லாதவளுக்கு!

மார்ச் 19

நேற்றைய இறைப்பு எதற்கென்று இன்று தெரிந்தது.

காரியாலயத்துக்குத் தேநீர் கொண்டுவந்த இராசேஸ்வரி அம்மா வழக்கமான கதைபோலச் சொன்னா. ராக்காயி அள்ளின அன்றிலிருந்து அவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சமைக்கவில்லையாம். இறைத்துக் கழுவி, ஐயரைக் கொண்டு மந்திரத் தண்ணீரும் மஞ்சளும் ஊற்றின பிறகுதான் மனம் ஆறியதாம். குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. மழை பெய்தது, பாய் நனைந்தது, காய வைத்தோம் என்கிற மாதிரி.

கடைசியில் ஒன்று கேட்டா, அதுதான் நெஞ்சில் நிற்கிறது: "மூக்கனுக்கு இதைச் சொல்லிப்போடாதை பிள்ளை. பாவம், மனம் நோவான்."

தன் பெண்டாட்டி குடித்ததற்காகத் தானே இறங்கித் தேய்த்திருக்கிறார் அந்த மனுசன். அவர் கை வைத்தால் அழுக்கில்லை, ஏனென்றால் அவர் வேலைக்கு இறங்கியவர். அவள் வாய் வைத்தால் அழுக்கு. இது என்ன கணக்கு? என்னையே கேட்கிறேன்: ஏன்டி, நீ என்ன சொன்ன அப்போ? ஒன்னும் சொல்லல. தேத்தண்ணிய வாங்கிக் குடிச்ச. சீனி கூட இருந்துச்சு.

மார்ச் 20

சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 23

இன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, அவர் மனம் நோகும் என்ற இரக்கமா? இரக்கம் என்று எழுதத்தான் கை போகிறது. பயம்.

ஏப்ரல் 2

மாஸ்டர் என் மொழிபெயர்ப்பை வாசித்தார். சிவப்பு மை எடுத்தார் — பள்ளிக்கூடப் பழக்கம். கடவுள் என்பதை வெட்டி ஞானம் என்று போட்டார். உள்ளத்தை வெட்டி ஆன்மா. 'ஞான தீபம் ஆன்மாவைப் பரிசுத்தமாக்குக' என்று வந்தது. 'பியூரிஃபை' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். சைவ சித்தாந்தத்தில் மும்மலம் நீங்குவதும் இதுவேதான் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். நன்றாகத்தான் விளக்குகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாளைக்கே சுத்தமாக டைப் அடித்துத் தரச் சொன்னார்.

அடிக்கவில்லை. ரிபன் உலர்ந்துவிட்டது என்று சொன்னேன். உலரவில்லை. அந்த வரியில் ஏதோ இல்லை. ஒருவரும் எங்கும் இறங்குவதில்லை அதில். துறவி இரண்டு தரம் 'இறங்கு' என்கிறார்: விளக்கு ஒரு தரம், ஆள் ஒரு தரம். மாஸ்டர் ஆளை விட்டுவிட்டார். நானும் விட்டேன்தானே, நான் மட்டும் என்ன யோக்கியம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

கிணறு தோண்டியவர் எழுதியதைக் கிணறு தோண்டுகிறவரிடம் கேட்க எனக்கு ஒரு மாதம் எடுத்திருக்கிறது.

சித்தப்பா மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். ஏன் சித்தப்பா, கிணத்துல எறங்குறதுக்கு முன்னால வெளக்கு எறக்குவீங்களே, அது எதுக்கு என்றேன். என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பட்டப்பகலில் வெளிச்சத்துக்கா இறக்குவார்கள் என்றார். கிணற்றடியில் கெட்ட காற்று நிற்குமாம். வாசனை வராது, கண்ணுக்குத் தெரியாது. விளக்கை இறக்கினால் தெரியும். சுடர் நின்றால் மனுசன் நிற்பான். சுடர் செத்தால் இறங்குகிறவனும் சாவான். தோட்டத்தில் அவருடைய அண்ணன், அதாவது என் அப்பா, அப்படித்தான் போனார். அப்போது எனக்கு மூன்று வயது. 'கெணத்துல விழுந்து செத்தாரு' என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விழவில்லை. விளக்கு இறக்காமல் இறங்கினார்.

ஞான தீபமாம். கடவுளின் ஒளியாம். எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

துறவி அலங்காரத்துக்கு எழுதவில்லை. உனக்குள்ளே இறங்கு, ஆனால் அங்கே உன்னைக் கொல்லுகிற காற்று இருக்கிறது, முதலில் சோதித்துப் பார் என்கிறார். சோதித்த பிறகு சாட்டுப்போக்குச் சொல்லாதே, வேறொருத்தனை இறக்காதே, நீயே இறங்கு என்கிறார். மேலே கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் சுத்தமாகாது.

நானும் கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறேன். மூன்று கிழமையாக.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கை விசேஷக் காசு கொடுக்க வந்த சித்தப்பாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக. ஆனால் இன்னொரு நாள் என்று விட்டால் நான் சொல்லவே மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

கத்துவார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தி அடுப்படியில் இருந்து எல்லாம் கேட்டுவிட்டாள். பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "அந்த வாழப்பழத்த எனக்கு உரிச்சுக் குடுத்தியே" என்றாள்.

சித்தப்பா போகும்போது சொன்னது: "இனி அந்தக் கெணத்துல நான் எறங்க மாட்டேன் தாயி. அவுங்க அழுக்க அவுங்களே அள்ளட்டும்."

பொங்கலை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

ஏப்ரல் 28

டைப் அடித்தேன். வேறு மாதிரி. தமிழில் சொன்னால்: 'கிணற்றுக் கட்டின் மேல் நின்றபடி யாரும் தன் ஆன்மாவைக் கழுவுவதில்லை. முதலில் விளக்கை இறக்குங்கள். பிறகு நீங்களே இறங்குங்கள்.' ஆங்கிலத்தில் 'பியூரிஃபை' போடவில்லை. 'கிளீன்' போட்டேன், பானை கழுவுகிறதுக்குச் சொல்கிற அதே சொல். துறவியும் அப்படித்தான் போட்டிருக்கிறார். சிஸ்டர் பிலார் தரை துடைக்கச் சொல்லும்போதும் 'லிம்பியா' தான்.

மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். இது தோட்டி வேலைக்கான அறிவித்தல் மாதிரி இருக்கிறது, ஆன்மீகம் எங்கே என்றார். இதுதான் ஐயா அவர் எழுதினது என்றேன். விளக்கு என்றால் ஞானம் என்று உலகமே ஒத்துக்கொள்ளும், உனக்கு மட்டும் என்ன என்றார். விளக்கு என்றால் லாந்தர் என்றேன். அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மார்ச்சில் அவர் வளவிலேயே, அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்க்கப் பார்க்கத்தானே சித்தப்பா லாந்தர் இறக்கினார்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவருக்கும் தெரிந்திருக்கும்.

கையெழுத்து வைக்க மாட்டாராம். அவருடைய வரியை நான் அடிக்க மாட்டேன். அப்படியே நிற்கிறோம்.

மே 4

ஊற்று வாய் திறந்தது! முப்பத்தாறு அடி. கலங்கல்தான், இருந்தாலும் எங்கள் தண்ணீர். சித்தி முதல் வாளியை எடுத்து யாருக்கும் கொடுக்காமல் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள்.

மே 11

எங்கள் ஆட்களே திட்டுகிறார்கள். கட்டில்லாத கிணறு, குழந்தைகள் ஓடித் திரிகிற இடம். நேற்று ஒரு ஆட்டுக்குட்டி விழுந்து செத்தது. நாளைக்குப் பிள்ளை விழுந்தால் உன் இங்கிலீசு வந்து தூக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லில் என்ன எழுதியிருந்தால் என்ன, எங்களில் யார் அதை வாசிக்கப் போகிறோம்?

இரவெல்லாம் யோசித்தேன். சித்தப்பா மட்டும்தான் வேறு மாதிரிச் சொன்னார். காட்டுத் தடியால் நானே வேலி போடுகிறேன், நீ அந்தாளுக்குப் பணிந்து போகாதே என்றார். இன்று முழுநாளும் அவரும் நான்கு பேரும் பாலைக் கம்பு வெட்டிக் கிணற்றைச் சுற்றி இறுக்கமாக வேலி அடைத்தார்கள். தள்ளித் திறக்கப் படலையும் போட்டார்கள். பிள்ளை விழாது. இனி பணிந்து போக எனக்குச் சாட்டு இல்லை, என்னைத் திட்ட மற்றவர்களுக்கும் இல்லை.

ஜூன் 3

மாஸ்டரிடம் சொல்லாமல் என் மொழிபெயர்ப்பைக் கொழும்புக்கு நானே தபாலில் போட்டேன். புளியங்குளம் வரை சைக்கிளில். களவு வேலைதான், வெட்கமில்லை.

ஜூன் 24

பதில் வந்தது. இரண்டே வரி. தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லை. பிரதி மாஸ்டருக்கும் போயிருக்கிறது. ஐயோ.

ஜூன் 25

கூப்பிட்டார். உரத்துப் பேசவே இல்லை, அதுதான் இன்னும் கூடச் சுட்டது. "நாப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சனான் பிள்ளை. தோட்டத்துக் குசினியில பொறுக்கின பாசையை வைச்சு எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம்." வவுனியாவில் அவர் மருமகள் ஒருத்தி டைப் பழகுகிறாளாம். செப்டெம்பரில் முடிப்பாளாம். அதுவரை நான் இருக்கலாமாம்.

குசினியில் பொறுக்கியதுதான். பொறுக்கினாலும் அது சுத்தமாத்தான் இருக்குது மாஸ்டர், நீங்க கழுவ வேண்டியதில்ல. இதை அவர் முன்னால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். செப்டெம்பர் வரைக்கும் அவருடைய வரியை நான் டைப் அடிக்கப் போவதில்லை.

ஜூலை 13

அடிக்கவில்லை.

ஜூலை 30

இன்றும் கேட்டார். அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15

மழை முகத்தைப் பார்த்து மூன்று மாதம். குளம் வெடித்துக் கிடக்கிறது. எங்கள் கிணற்றில் பத்தடி தண்ணீர், தெளிந்து இனிக்கிறது. மாஸ்டர் வீட்டுக் கிணற்றில் முழங்காலளவுதானாம். அதிலும் பூனை ஒன்று விழுந்து, தெரிவதற்குள் நான்கு நாளாகிவிட்டது. காரியாலயத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். நாற்றம் வெளியே வராமல் தென்னங்கிடுகு போட்டுக் கிணற்றை இறுக மூடி வைத்திருக்கிறார்கள். வண்டியில் பீப்பாய் வைத்து ஒரு மைல் தள்ளியிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். எங்கள் கிணறு இருநூறு யார் தூரம்தான்.

சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்றுவிட்டார். ஏனென்று கேட்டவனிடம், அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17

எங்கள் குடியிருப்பில் ஒருவரும் போகவில்லை. சித்தி வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மாஸ்டர் புளியங்குளத்தில் ஆள் தேடினார். அங்குள்ளவர்கள் அடுத்த கிழமைதான் வர முடியும் என்றார்களாம். காரியாலயத்துக்கு இன்று தேநீர் வரவில்லை. என்னைக் கடந்து போன இராசேஸ்வரி அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனா.

ஆகஸ்ட் 19

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணி இருக்கும். இராசேஸ்வரி அம்மா காரியாலய வாசலுக்கு ஓடி வந்தா. "பிள்ளை, அவர் தானே இறங்கப் போறாராம். சொல்லுக் கேக்கிறாரில்லை. அறுபத்தொரு வயது." போய்ப் பார்த்தால், மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டி, கிடுகுகளை இழுத்துப் போட்டுவிட்டு, கட்டின் மேல் ஒரு காலை வைத்துவிட்டார். இடுப்பில் கயிறு இல்லை. விளக்கு இல்லை.

ஐயா, விளக்கு என்றேன். அவருக்கு அது வாக்குவாதமாகத்தான் கேட்டது. 'இப்பவும் உந்தக் கதையோ' என்றபடி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. சித்தப்பா எங்கள் கிணற்றடியில் வேலியைத் திருத்திக்கொண்டிருந்தார். மூடி வெச்ச கெணறு, வெளக்கில்லாம எறங்குறாரு என்று மட்டும்தான் சொன்னேன். இனி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்ற மனுசன், என்னையும் தாண்டி ஓடினார்.

காலால் தடவித் தடவி இறங்கிய மாஸ்டர் இன்னும் நான்காவது படியில்தான் நின்றார். சித்தப்பா குனிந்து அவர் தோளைப் பிடித்தார். தொட்டார். இராசேஸ்வரி அம்மாவும் பார்த்தா, நானும் பார்த்தேன்.

"ஏறுங்கய்யா. மொதல்ல வெளக்கு."

என்ன நினைத்தாரோ, ஏறினார். அவர்கள் வீட்டு லாந்தரையே கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பத்தடி வரை சுடர் நின்றது. பன்னிரண்டில் சுருங்கியது. பிறகு யாரோ விரலால் நசுக்கின மாதிரி அணைந்தது. மேலே இழுத்து, கொளுத்தி, திரும்ப இறக்கினார் சித்தப்பா. அதே இடத்தில் அதே மாதிரி.

மாஸ்டர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் லாந்தரை விடவில்லை. வாய் அசைந்தது, அந்த வரியைத்தான் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன், தெரியாது.

பெரிய பெரிய வேப்பங்குழை வெட்டி, கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, கெட்ட காற்றைக் கலைத்தோம். மேலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர். வேறு தண்ணீர் அங்கே ஏது? ஒன்றரை மணித்தியாலம். கடைசியில் லாந்தர் அடிவரை போயும் சுடர் அசையாமல் நின்றது.

அப்போது எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம். மாஸ்டர், இராசேஸ்வரி அம்மா, நான்கூட. பழக்கம். காற்றுச் சரியாகிவிட்டது, மூக்கன் நிற்கிறான், இனி என்ன?

சித்தப்பா கயிற்றைத் தன் இடுப்பில் கட்டவில்லை. மாஸ்டரின் இடுப்பில் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நான் மேல நிக்கிறேன். நீங்க எறங்குங்க."

நான் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். இங்கே பொய் எழுத மாட்டேன். அதே நேரம் பயமாகவும் இருந்தது, கிழவருக்கு ஏதும் நடந்தால் என்று. மாஸ்டர் சித்தப்பாவைப் பார்த்தார். கோபமாக இல்லை. பிறகு இறங்கினார். பாதி வழியில் அவர் குரல் மட்டும் வந்தது: "விட்டிடாதை மூக்கன்." விடவில்லை. அவர் மேலே வரும்வரை சித்தப்பா வெற்றிலைகூடப் போடவில்லை. பூனையும் ஒன்பது வாளி சேறும் வந்தன. வாளிகளை நானும் இராசேஸ்வரி அம்மாவும் இழுத்தோம். ஒரே கயிறு, நாலு கை.

ஆகஸ்ட் 21

இராசேஸ்வரி அம்மாவுக்குப் பெரிய குழப்பம். ஐயரைக் கூப்பிடுவதா வேண்டாமா? இறங்கினது அவருடைய புருஷன். ஊற்றினது எங்கள் தண்ணீர். இப்போது யாருக்காக மஞ்சள் கரைப்பது? மாஸ்டரிடம் கேட்டாவாம். அவர் நகத்துக்குள் இருந்த சேற்றை ஈர்க்கால் எடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஐயர் வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டு அனுப்பினார். வேலையிலிருந்து நிறுத்தத்தான் என்று நினைத்து, அலுமாரிச் சாவியைக் கையோடு கொண்டு போனேன்.

மேசையில் இரண்டு தாள். அவர் சிவப்பு மையில் திருத்தியது ஒன்று, நான் ஏப்ரலில் அடித்தது ஒன்று. ஸ்பானிய வரியை ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தத் துறவி உண்மையாகவே கிணறு வெட்டினவரோ என்று கேட்டார். பாஸ்குவால் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றேன். நான் நின்றுகொண்டே இருந்தேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இரண்டு வருடத்தில் முதல் தரம்.

என் தாளை எடுத்தார். சிவப்புப் பேனாவைத் திறந்ததும், இதையும் வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. கீழே கையெழுத்து வைத்தார், சிவப்பிலேயே.

"கிளீன் எண்டே இருக்கட்டும் பிள்ளை. கீழ கிடக்கிறது சேறுதான்."

மன்னிப்புக் கேட்கவில்லை. மருமகள் செப்டெம்பரில் வருகிறாளா என்று நானும் கேட்கவில்லை. சாவியைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படலையைச் சாத்தினதும் அழுகை வந்தது. ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 28

லொறி வந்து, கட்டு எழும்பி, கல்லும் பதித்தாயிற்று. பாலைக் கம்பு வேலியைச் சித்தப்பா கழற்ற மனமில்லாமல் பாதியை விட்டு வைத்திருக்கிறார். சித்திக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு சண்டை என்றாள். பிறகு தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். குடத்தை நிரப்பினாள்.

மாஸ்டர் திறப்பு விழாவுக்கு வந்தார், தண்ணீர் குடிக்கவில்லை. உபவாசமாம். நம்பினேனா? இல்லை. மருமகள் வரவில்லை. நான்தான் டைப் அடிக்கிறேன்.

1981 மார்ச் 15, ஞாயிறு

மாஸ்டர் வீட்டில் வருடாந்தக் கிணறு இறைப்பு. விடியவே மாஸ்டர் எங்கள் படலைக்கு வந்துவிட்டார், ஆள் அனுப்பவில்லை. தானே இறங்கப் போகிறாராம். மேலே நின்று கயிறு பிடிக்க மூக்கன் வரமுடியுமா என்று கேட்டார்.

சித்தப்பா லாந்தர்ச் சிமினியைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டு போனார். சித்தியும் பின்னாலேயே போனாள், இடுப்பில் வெறுங்குடத்தோடு. அதை இப்போது அவர்கள் கிணற்றில் நிறைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்திருக்கிறாள்.